குடைக்குப் பின்னால் ஃபோகஸ்

காஞ்சிபுரத்தில் கேமரா தூக்கும் தம்பி தங்கைகளே, என் வீட்டுப் படியேறும் உங்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். “பாய், சினிமா லென்ஸை நம்ம கேமராவுல மாட்டலாமா?” தாராளமாக மாட்டலாம். நடுவில் ஒரு அடாப்டர் வளையம் இருந்தால் போதும். எந்த அடாப்டர், எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் உங்கள் செல்போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். மாட்டிய பிறகு கை எப்படி நிற்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லாது. அதைச் சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கருட சேவைக் காலைதான் கண்முன் வருகிறது. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, பொய் சொல்லவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சென்னையில் சினிமா யூனிட்களில் ஃபோகஸ் புல்லராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேமராமேன் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று லென்ஸ் வளையத்தைத் திருப்புவேன். நாயகி வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வந்தால், வரும் வழியெல்லாம் அவள் கண் தெளிவாக இருக்க வேண்டும். இருந்தால் ஒருத்தரும் பாராட்ட மாட்டார்கள். தப்பினால் டீ கொடுப்பவர்வரை திரும்பிப் பார்ப்பார். இதுதான் எங்கள் பிழைப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கேமராமேன் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை ஒரு ஷாட்டில், நடிகருக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போயிற்று. நான் பதறிப்போய் வண்டிக்கு ஃபோகஸ் மாற்றினேன். வண்டி போன பிறகு நடிகரின் முகம் பஞ்சாக மங்கியிருந்தது. அவர் திட்டவில்லை. “வண்டிக்கு நாம சம்பளம் குடுக்கலையே?” என்று மட்டும் கேட்டார். யூனிட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் வருஷக்கணக்காக ஒலித்துக்கொண்டிருந்தது, நல்ல வேளை.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது, கடையை மூடிக்கொண்டிருந்த, கேமரா வாடகைக்கு விடும் ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி பிரைம் லென்ஸ்களை வாங்கி வந்தேன். பிரைம் என்றால் ஜூம் கிடையாது. கிட்டப் போக வேண்டுமானால் நீங்கள்தான் நடக்க வேண்டும். ஆட்டோஃபோகஸும் கிடையாது. இரும்பும் கண்ணாடியும் மட்டும்தான். கையில் எடுத்தால் அம்மிக் குழவியைத் தூக்கியதுபோல இருக்கும். என் மனைவி பெட்டியைப் பார்த்துவிட்டு, “பழைய இரும்புக் கடை வைக்கப் போறீங்களா?” என்றாள். பெட்டி பீரோவுக்கு மேலே போயிற்று.

அதை இறக்க வைத்தவள் ரம்யா. செவிலிமேட்டுப் பெண். ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர்களில் நல்ல கண் உள்ளவள். அவளுடைய அப்பா வரதன், ஸ்ரீபாதம் தாங்கி. அதாவது திருவிழாவில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்களில் ஒருவர். அவருடைய இடம் முன்பக்கத் தண்டு. தோள் காய்த்துக் கெட்டிப்பட்டிருக்கும். அந்த வருஷம் மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை ஆகி, படுக்கையில் இருந்தார். இனிமேல் சுமை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வைகாசித் திருவிழா நெருங்கியதும் மனுஷர் பேச்சைக் குறைத்துவிட்டார். ஒருநாள் ரம்யாவிடம் தானாகவே சொன்னாராம். “நான் முன்னாடித் தண்டும்மா. பெருமாள் எப்பவும் என் முதுகுக்குப் பின்னாடிதான். கோபுர வாசல்ல கருடன் மேல வந்து நிக்கிறதை ஊரே எதிர்ல நின்னு பாக்குது. நான் ஒருதபா கூட எதிர்ல நின்னதில்லை.”

“டிவியில நேரலையா காட்டுறாங்களேப்பா,” என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

“அதுல ஒரு நிமிசம் கோபுரம், ஒரு நிமிசம் கூட்டம், ஒரு நிமிசம் எவனோ மந்திரி. குடை மறைச்சா குடையைக் காட்டுறான். நான் கேக்கிறது அது இல்லம்மா. எதிர்ல ஒருத்தன் கண்ணை எடுக்காம நின்னுக்கினு இருந்தா எப்படிப் பார்ப்பானோ, அப்படி.”

குடை விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து தொழிலுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கருட சேவையன்று விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்ததும், சட்டென்று குடையைச் சாய்த்து அவரை ஒரு நொடி மறைப்பார்கள். வருஷா வருஷம் சோளிங்கரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பக்தர் ஒரு வருஷம் வர முடியாமல் அங்கேயே அழுதாராம். பெருமாள் அந்த நொடி இங்கிருந்து மறைந்து அவருக்கு அங்கே காட்சி கொடுத்தாராம். அந்த ஞாபகத்துக்குத்தான் குடை. நான் தொழுகிற திசை வேறு. ஆனாலும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், அந்தக் கூட்டத்தில் நின்றுதான் வளர்ந்தேன்.

ரம்யாவுக்கு வேண்டியது இதுதான்: வெட்டில்லாமல், விலகாமல், ஒரே ஷாட். பெருமாள் வெளியே வருவதிலிருந்து குடை மறைத்து விலகும்வரை முகத்தைவிட்டு அசையாத பார்வை. போன வருஷம் அவளே எடுத்ததைக் காட்டினாள். குடை வந்ததும் ஆட்டோஃபோகஸ் தாவிக் குடையைப் பிடித்தது. குடை விலகியதும் முகத்தைத் தேடி முன்னும் பின்னும் அலைந்தது. அது கண்டுபிடிப்பதற்குள் பெருமாள் நகர்ந்துவிட்டார். கேமராவைக் குறை சொல்ல முடியாது. முன்னால் வருவதுதான் முக்கியம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“உங்க பழைய லென்ஸுல ஆட்டோஃபோகஸே கிடையாது இல்ல பாய்?” என்றாள். குறையை நிறையாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அறுபதைத் தாண்டியவன் என்பதை மறந்து நாற்காலியில் ஏறிப் பெட்டியை இறக்கினேன்.

அடாப்டரைப் பூட்டி, எழுபத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, கேமராவை உயிர்ப்பித்தோம். திரையில் எழுத்து வந்தது. லென்ஸ் இல்லை, லென்ஸைச் சரிபார்க்கவும்! எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனை நாயகிகளின் கண்ணீரைப் பார்த்த கண்ணாடி அது! நேற்றுப் பிறந்த பிளாஸ்டிக் டப்பா அதைப் பார்த்து ‘இல்லை’ என்கிறது. ரம்யா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இதுல மின்சாரத் தொடர்பு கிடையாது பாய். அதனால கேமராவுக்கு லென்ஸ் வந்ததே தெரியாது. மெனுவுல போய், லென்ஸ் இல்லைன்னாலும் படம் எடுன்னு சொல்லிடணும்.”

“சொல்லும்மா. கூடவே, பெரியவங்க வந்தா எழுந்து நிக்கணும்னும் சொல்லு.”

அவள் மெனுவில் மாற்றினாள். எழுத்து மறைந்து, அதன் பின்னாலிருந்த என் வீட்டு ஜன்னல் திரையில் முழுதாகத் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை, ஜன்னலில் காய்ந்த துண்டும் தெருவில் போன ஒரு சைக்கிளும்தான். ஆனால் அந்தத் துண்டின் ஓரத்தில் வெளிச்சம் வழிந்த அழகை நாங்கள் இருவரும் குனிந்து குனிந்து பார்த்தோம். என் மனைவிகூடச் சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். “இது நம்ம துண்டா?” என்றாள். அன்றிலிருந்து பெட்டிக்கு மரியாதை வந்துவிட்டது.

மொட்டை மாடிக்குப் போய்த் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தால் வேறு கதை. வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் கோபுரம் மங்கல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கள் கதையில் கூடம் உண்மையிலேயே கோணல். அடாப்டர் என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டையும் சேர்த்து வைக்கும், ஆனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கும். இந்தத் தரகர் லென்ஸை வேண்டியதைவிட ஒரு மயிரிழை தள்ளி உட்கார வைத்திருந்தார். அதற்குள்ளே வெங்காயத் தோல்போல மெல்லிய உலோக வளையங்கள் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினோம். கோபுரத்தின் பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன! நான் மாடியில் கத்திய கத்தலில் பக்கத்துத் தறியில் ஓசை நின்றது. “இன்னா பாய், இன்னா ஆச்சு?” என்று நெய்கிறவர் வெளியே வந்து கேட்டார். கோபுரம் தெரிகிறது என்றேன். அது எப்போதும் தெரிகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் இடம் பிடித்தோம். முதல் நாளே போய் அங்கிருந்து வாசல்வரை நாடா பிடித்து அளந்து, லென்ஸ் வளையத்தில் வெள்ளை டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டேன். வாசற்படிக்கு ஒரு கோடு, இரண்டடி முன்னால் வந்தால் ஒரு கோடு. அந்தக் கோடுகள்தான் எங்கள் வேதம். இருட்டானாலும் கூட்டமானாலும் கோட்டைப் பார்த்துத் திருப்பினால் தப்பாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போனால், அந்த மாடியில் ஏற்கெனவே ஏகப்பட்ட கூட்டம். கைப்பிடிச் சுவர் தாங்காது என்று ஒரு போலீஸ்காரர் எல்லோரையும் இறக்கிக்கொண்டிருந்தார். ரம்யா கெஞ்சினாள். “நாளைக்கு மேல இருந்து விழுந்தா என்னத்தான் கேப்பாங்க, இறங்கும்மா,” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கீழே தெருவில் தலைகளுக்கு மேல் தலைகள். உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. வாண வெடியின் வெளிச்சம் கோபுரத்தின் மேல் அடித்து அடித்து மறைந்தது. ரம்யாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கலாம், அப்பாவுக்கு இருக்குமா என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது.

இரண்டு வீடு தள்ளி, பூ கட்டி விற்கும் குமாரி அக்காவின் மாடி அறை ஜன்னல் திறந்திருந்தது. கீழேயிருந்தே கூவினேன். “அக்கா! ஜன்னல் வேணும்!”

“ஏறி வா பாய்! மல்லிக்கூடை இருக்குது, நவுத்திக்கோ! மிதிச்சிடாதே!”

ஓடினோம். கூடைகளை நகர்த்தி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை நுழைத்து, கேமராவின் முக்காலியை மல்லிகைக்கு நடுவில் நிறுத்தினோம். வாசல் தெரிந்தது, கொஞ்சம் சாய்வாக, ஆனால் தடையில்லாமல். நான் வழக்கம்போல வளையத்தில் என் பென்சில் கோட்டைத் தேடினேன். கோடு இருந்தது. ஆனால் அது அந்தக் கடை மாடிக்குப் போட்ட கோடு. இந்த ஜன்னலுக்கு அது செல்லாது. நாடா பிடிக்கக் கீழே இறங்கினால் திரும்பி ஏற முடியாது. ஆயுள் முழுக்கக் கோட்டை நம்பியவனுக்குக் கோடு இல்லையென்றால் நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளியதுபோலத்தான்.

டேப்பைப் பிய்த்து எறிந்தேன். இருந்தால் கண் அங்கேயே போகும்.

வாசற்படியில் ஒரு தீவட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெருமாள் வந்து நிற்கப்போவது ஏறக்குறைய அந்த இடம்தான் என்று ரம்யாவுக்கு அப்பா சொல்லியிருந்தார். “படியத் தாண்டி ரெண்டு எட்டு வெச்சு நிப்போம்,” என்று. அந்தத் தீவட்டிக்காரரின் மீசைக்கு ஃபோகஸ் வைத்தேன். பிறகு இரண்டு எட்டுக்கு இந்தப் பக்கமாக, ஒரு பொட்டு அளவு வளையத்தைத் திருப்பி, விரலை அங்கேயே நிறுத்தினேன். கணக்கில்லை, நாடா இல்லை. இவ்வளவு காலம் வளையம் திருப்பிய விரல் சொன்னதுதான். தப்பாகவும் இருந்திருக்கலாம், தம்பிகளே. அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியாது.

“ரோல் பண்ணும்மா.”

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் வந்தது என்ன தெரியுமா? லென்ஸ் இல்லை!

கூட்டத்தில் இடிபட்டு ஏறும்போது கேமராவின் தலைமேல் இருக்கும் சக்கரம் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டாம் எண்ணில் அவள் வைத்திருந்தது கல்யாண வேலைக்கான அமைப்பு. அதில் ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு’ என்று சொல்லி வைக்கவில்லை. எப்படி நடந்தது என்பதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: கேமரா ஓடவில்லை. உள்ளே வேட்டுச் சத்தம் வாசலை நெருங்கிவிட்டது.

“அடாப்டர் போச்சு பாய்! கழட்டிடறேன், என் ஜூமை மாட்டிடறேன்!” என்று அவள் கை லென்ஸின் கழுத்துக்குப் போனது. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பையில் பழகிய லென்ஸ் இருக்கிறது, மாட்டினால் உடனே படம் வரும். வரும்தான். போன வருஷம் வந்த அதே படம் வரும்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “கை வைக்காதேம்மா! படம் தெரியுதா, இல்லையா?”

“தெரியுது.”

“படம் தெரிஞ்சா லென்ஸ் இருக்குது. கேமராவுக்குத்தான் தெரியல. அன்னைக்கு எங்க வீட்டுலயும் இதைத்தான சொல்லிச்சு? அதுக்கிட்ட மறுபடியும் சொல்லு.”

அவள் ஒரு மூச்சு இழுத்தாள். சக்கரம் இரண்டில் நிற்பதைப் பார்த்தாள். ஒன்றுக்குத் திருப்பினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. குமாரி அக்கா பின்னாலிருந்து “வந்துக்கினு இருக்காரு! வந்துக்கினு இருக்காரு!” என்று கத்தினார்.

கோபுர வாசலின் இருட்டிலிருந்து முதலில் கருடனின் சிறகுகள் வந்தன. அப்புறம் பெருமாள். தெருவே “வரதா!” என்று ஒரே குரலில் அலறியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பழைய கண்ணாடியில் தீவட்டிகளெல்லாம் மஞ்சள் பூக்களாக விரிந்தன. முகம் மங்கலாக இருந்தது. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று விரலை அடக்கிக்கொண்டேன். துரத்திப் போய்ப் பிடிக்க அரிப்பாக இருந்தது. படியைத் தாண்டி ஒரு எட்டு, இரண்டு எட்டு. தோள்கள் நின்றன. அந்த முகம் தானாகவே என் விரல் காத்திருந்த இடத்துக்குள் வந்து நின்றது. நாமத்தின் விளிம்பு, கன்னத்துப் பொட்டு, மாலையின் ஒவ்வொரு இதழ்! எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் முக்காலி ஆடும். வாயைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது குடை சாய்ந்தது.

திரை முழுக்க வெள்ளை மங்கல். சரிகைக் குஞ்சங்கள் கலங்கிய மினுமினுப்பாக ஆடின. ரம்யா பதறினாள். “பாய், குடை அவுட்! குடைக்கு இழுங்க!”

என் கட்டைவிரல் துடித்தது உண்மை. கையில் ஊறிப்போன பழக்கம், மங்கலாக ஒன்று தெரிந்தால் தெளிவாக்கு என்று இழுக்கும். “குடை நமக்கு வேணாம்மா. அவரு அங்கேதான் இருக்காரு,” என்றேன். சொல்லிவிட்டு மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டேன்.

குடை விலகியது. முகம் அங்கேயே இருந்தது. ஒரு துளி அலையவில்லை, தேடவில்லை. மறைந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, கத்திமுனைத் தெளிவில்! ரம்யா அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். குமாரி அக்கா எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒரு பிடி மல்லிகையைக் கொட்டினார்.

வெயில் ஏறுவதற்குள் செவிலிமேட்டுக்குப் போய்விட்டோம். கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் போட்டோம். வரதன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கருடன் சிறகு வெளியே வந்ததும் கைகூப்பினார். வாய் ஏதோ முணுமுணுத்தது. பெருமாள் படியைத் தாண்டினார், இரண்டு எட்டு வைத்து நின்றார். அந்த நொடி, படுக்கையில் கிடந்த வரதனின் வலது தோள் தலையணையைவிட்டு மேலே எழும்பித் தண்டை வாங்கிக்கொண்டது. அவருக்கே தெரியாமல்! ரம்யா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

குடை விலகி முகம் தெரிந்ததும் அவர் அசையவே இல்லை. ஷாட் முடிந்தும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இம்மா நாளா என் முதுகுக்குப் பின்னாடி வந்துக்கினு இருந்தது இந்த முகமா?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

“நல்லாருக்குதாப்பா?” என்றாள் ரம்யா.

“திருப்பிப் போடும்மா.”

முகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் கையை ஆட்டினார். “அது இல்லம்மா. அதுக்கு முன்னாடி. குடை.”

அந்த மங்கலைத்தான் குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ரம்யா குடைக்குக் கொண்டுவந்தாள். திரையில் ஒன்றுமே தெளிவில்லை. வெள்ளையும் கலங்கிய பொன்னும் மட்டும்.

“ஊரெல்லாம் இந்த நேரத்துல சோளிங்கர்காரரை நினைச்சுக் கைகூப்பும். தண்டுக்கடியில இருக்கிற நாங்க மூச்சு வாங்குவோம்,” என்று வரதன் சிரித்தார். “எதிர்ல நிக்கிறவங்களுக்கு அவரு மறைஞ்சிடுவாரு. எங்களுக்கு மறைய மாட்டாரு பாய். பாரம் தோள்லயே இருக்கும். கண்ணால பார்க்காமலே, இருக்காருன்னு எனக்குத் தெரியும்.” பிறகு திரையைக் காட்டிக் கேட்டார். “இந்த இடத்துல உன் கை எங்க இருந்தது?”

“அவரு முகத்து மேலதான் வரதா,” என்றேன். “எடுக்கல.”

“பாரம் தெரிஞ்சுதா?”

வளையத்தில் நிறுத்தியிருந்த கட்டைவிரல் அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. அதை அவரிடம் நீட்டிக் காட்டினேன். அவர் அதைத் தன் காய்த்துப்போன தோளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.